தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும்

கம்பளத்தைத் தண்ணீரில் அலசவே கூடாது, மேடம். பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. பக்கெட் பக்கெட்டாக ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, சாயம் போயிற்றே, நாற்றம் அடிக்கிறதே என்று அப்புறம் அழுவார்கள். பெங்களூர் மழையில் அது எந்த ஜென்மத்தில் காய்வது?

"கூத்கொள்ளி அம்மா" என்று உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்திப் போட்டீர்கள். நன்றாக இருக்க வேண்டும் நீங்கள். என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. நீங்கள் ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுகிறீர்கள் என்பதும் நல்லதாகப் போயிற்று. எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இன்றைக்கு இன்னொரு பாஷையில் யோசிக்கத் தெம்பில்லை.

என் பெயர் ருக்கு. மல்லேஸ்வரம் வீடு என் அக்கா ஜகதாம்பாளுடையது. அத்திம்பேர் செக்ரடேரியட்டில் இருந்தவர். ரிடையரானபோது ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட காஷ்மீர்க் கம்பளம் அது. என் வீட்டுக்காரர் போனபிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். "தனியா எங்கடி கிடந்து அல்லாடுவே, இங்க வந்துடு" என்றாள். நல்ல மனசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வந்த மறுநாள் காலை, காப்பி கொடுத்துவிட்டுக் கம்பளத்தைக் காட்டினாள்.

அன்றிலிருந்து அது என் தலையில். மெஷின் போட்டால் நூல் பிய்யும் என்று குனிந்து கையால்தான் பெருக்க வேண்டும். ஓரத்துக் குஞ்சங்களைச் சீப்பால் வாரிவிட வேண்டும். ஜன்னல் வெயில் ஒரே பக்கம் பட்டு வெளுக்காமலிருக்க அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும். மழைக்காலத்தில் பூச்சி அரிக்காமல் அடியில் வேப்பிலை.

யாராவது எதையாவது சிந்திவிட்டால் தொலைந்தது. வாசல் மணி அடித்தால் அக்கா அசைய மாட்டாள், போன் அடித்தால் "நீயே எடேன்" என்பாள். கறை என்றால் மட்டும் எந்த மூலையில் இருந்தாலும் ஓட்டமாக ஓடிவருவாள். "தேய்க்காதேடி, ஒத்தி எடு. கறையை முதல்ல கவனி, மத்ததெல்லாம் அப்புறம்."

ஒரு தடவை கொதிக்கக் கொதிக்க ரசம் எடுத்து வந்தேன். அவள் பிள்ளை சுதீர் திரும்புகிற வேகத்தில் இடித்துவிட்டான். பாதி என் கையில், பாதி கம்பளத்தில். அன்றைக்கும் அக்கா அதையேதான் சொன்னாள், நானும் அப்படியே செய்தேன். இதோ தழும்பு. கம்பளத்தில் தேடினாலும் கிடைக்காது.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து சுதீர் பேசினான். மாடி ரூமுக்கும் ஒரு கார்ப்பெட் அனுப்பட்டுமா என்று கேட்டான். வெள்ளை வெளேரென்று, இதைவிடப் பெரிசாம். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "யாரும்மா பாத்துப்பா?" என்றும் கேட்டான், பாவம்.

"அதான் ருக்கு இருக்காளே" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்றிருந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபமெல்லாம் வரவில்லை, மேடம். அலுப்புத்தான் வந்தது. நின்ற இடத்திலேயே படுத்துவிடலாம் போல் ஒரு அலுப்பு.

மறுநாள் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். அந்தக் காலத்து ரெட் ஆக்சைடு தரை, மங்கிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கண்ணாடியாகிவிடும், எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். நான் கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். டீப்பாய் இடைஞ்சலாக இருந்தது, நகர்த்தி வைத்தேன்.

கம்பளம் வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் வலை போடுவது வழக்கம். துவைத்துப் போட்டிருந்தேன், தூறலில் காயவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது காய்ந்து, மடித்து, பீரோவுக்குள் இருந்தது. நீங்களே வீட்டைச் சோதனை போட்டு எடுத்துவிட்டீர்கள், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. வலையில்லாமல்தான் கம்பளத்தை விரித்தேன். குஞ்சங்களை வாரினேன். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கார்ப்பெட்ல காப்பி கொட்டிடுத்து!"

ஓடிவந்தாள். கால் வைத்ததும் கம்பளம் அவளையும் இழுத்துக்கொண்டு நழுவிற்று. டீப்பாயின் பளிங்கு முனையில் தலை பட்டது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.

நினைவு இருந்தது அவளுக்கு. "ருக்கு, தண்ணி" என்றாள். கொண்டுவந்தேன். பச்சைத் தண்ணீர்தான்; ரத்தத்தின் மேல் வெந்நீர் படக் கூடாது, அப்படியே பிடித்துக்கொள்ளும். வெள்ளைத் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுத்தேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "இதை முடிச்சுட்டு வந்துடறேன், அக்கா" என்றேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் கறை பரவிவிடும். துணியில் சிவப்பு ஏறாமல் வருகிறவரை மாற்றி மாற்றி ஒத்தினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட எழுந்தபோது தலைப்பை விடுவிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கை தானாகவே விழுந்திருந்தது.

சுதீர் வந்தால் சொல்லிவிடுங்கள், அம்மா சொன்னபடியேதான் சித்தி எல்லாம் செய்தாள் என்று. ஒன்றைக்கூட விடவில்லை. கம்பளம் சுத்தமாக இருக்கிறது, தை மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும்.

காப்பிக் கறை எங்கே, எங்கே என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். காப்பி கொட்டவே இல்லை, மேடம். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பளத்தில் நானாக ஒரு சொட்டுச் சிந்தியது கிடையாது.