சால்வைக்கு முன்னால்

அன்னிக்கு ரோஸ்லின் சொல்லாம விட்டது ஒரே ஒரு வரி. "எங்க தெருவுல விளக்கு இல்லை." அவ்வளவுதான். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே போனவ... சொல்லாமலே திரும்பி வந்தா.

ஏன் சொல்லலை? பயமா? கூச்சமா? அதுக்கு ஒரு சின்னக் கதை இருக்கு. என்னை இந்த மேடைக்குக் கூப்பிட்டிருக்கீங்க, அதையே சொல்றேன், கேளுங்க.

ரோஸ்லின் என் அறைத்தோழி. தூத்துக்குடிப் பொண்ணு. கோயம்புத்தூர்ல வேலைக்குப் போற பெண்கள் விடுதி அது. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில துணி காயப் போட்டுட்டு உட்கார்ந்தா, அவ ஊர்லேருந்து கொண்டு வந்த மக்ரூனுக்கு எல்லாரும் கை நீட்டுவோம். இப்ப நினைச்சாலும் அந்த முந்திரி வாசனை வருது.

பஸ் ஸ்டாப்புலேருந்து விடுதி வரைக்கும் ஒரே இருட்டு. வார்டன் பயந்துட்டாங்க. இனிமே ஏழு மணிக்கே கேட்டைப் பூட்டப் போறேன்னுட்டாங்க. ரோஸ்லின் பம்ப் கம்பெனியில வேலை முடிச்சு வரவே ஏழரை ஆகும். விளக்கு வரலைன்னா... வேலையை விடணும். ஊருக்குப் போகணும். போய் ஒரே வாரத்துல மாப்பிள்ளை பார்த்துருவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. கண்ணு சிரிக்கலை.

வார்டு கூட்டம்னு அறிவிச்சாங்க. வேலை நாள், காலையில. அரைநாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. போனா... சால்வை. தலைவருக்குச் சால்வை, செயலாளருக்குச் சால்வை, சால்வை வாங்கிட்டு வந்தவருக்கும் ஒரு சால்வை. ரோஸ்லின் கையைத் தூக்கினா. கவுன்சிலர் பார்த்தார். நல்ல மனுஷன்தான். "அட, படிச்ச புள்ள வந்திருக்குது. மேல வா அம்மணி"ன்னார். ஏறினா. மைக்குக்குக் கை நீட்டினா... நீட்டின கைமேல சால்வை விழுந்துச்சு. இளைய தலைமுறைக்கு மரியாதையாம். போட்டோ எடுத்தாங்க. கைதட்டினாங்க. தேசிய கீதம். கூட்டம் முடிஞ்சது.

அந்தச் சால்வையை ஜன்னலுக்குத் திரையாக் கட்டினோம். காலையில வெயில் அது வழியா வந்து அறையே மஞ்சளாக் கிடக்கும். "மரியாதைக்குள்ளயே தூங்குதோம்டி"ன்னு சொல்லுவா ரோஸ்லின்.

வார்டனைக் கெஞ்சி, அடுத்த கூட்டம் வரைக்கும் கேட்டைப் பூட்டாம நிறுத்தி வச்சோம். அந்தக் கூட்டத்துக்கு ரோஸ்லின் திரையை அவிழ்த்து, துவைச்சு, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா. கவுன்சிலர் மேடைக்கு வந்ததும் முதல் ஆளாப் போய் அவருக்கே போர்த்தினா. அவருக்கு ஒரே சந்தோஷம். போட்டோவுக்குத் திரும்பி நின்னார். அந்த நேரத்துல மைக்கை எடுத்து, "அண்ணாச்சி, மரியாதை முடிஞ்சிட்டு. இப்ப கேள்வி"ன்னா.

விளக்கைப் பத்திச் சொன்னா. கேட்டைப் பத்தியும் சொன்னா. கீழேயிருந்து ஒருத்தர் எழுந்தார்.

"உன்ற ஓட்டு எந்த ஊர்ல அம்மணி?"

"தூத்துக்குடியில."

"அப்ப அங்க போய்க் கேளு."

கூட்டம் சிரிச்சது. ரோஸ்லினும் சேர்ந்து சிரிச்சா. சிரிச்சு முடிச்சுட்டுச் சொன்னா:

"ஓட்டுதான் அங்க இருக்கு அண்ணாச்சி. இருட்டு இங்கல்லா இருக்கு."

சிரிப்பு... நின்னுபோச்சு.

இந்தக் காலத்துப் பிள்ளைங்க அரசியல் பக்கமே வர்றதில்லைன்னு, இன்னிக்கு நான் பேச வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இதே மேடையில பேசினாங்க. வராமலா இருக்கோம்? கூட்டத்தை வேலை நாள்ல வைக்கிறீங்க. வந்தா, வாடகைக்கு இருக்கறவதானேன்னு கேட்கறீங்க. அதையும் தாண்டி மேடை ஏறினா... வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தோளை மூடிடறீங்க. எனக்கும் இன்னிக்கு ஒண்ணு போர்த்தினீங்க. நல்லா இருக்கு, நன்றி. ஆனா தம்பிகளே, தங்கைகளே, கைதட்டியே ஒருத்தரை வாயடைக்க முடியும். மரியாதை கொடுத்தா வாங்கிக்கோங்க. கேட்க வந்ததைக் கேட்காம மட்டும் இறங்காதீங்க.

அந்த ஆடி மாசம் தெருவுக்கு விளக்கு வந்துச்சு. ரோஸ்லின் வேலையை விடலை. அடுத்த தேர்தலுக்கு முன்னாடி தன் ஓட்டை அந்த வார்டுக்கே மாத்திக்கிட்டா.