போல்ட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற கறுப்பு வண்டி உங்களுடையதுதானே, தம்பி? செயின் காய்ந்து கிடக்கிறது. மழை விட்டதும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். செயினின் உள்பக்கமாக விட வேண்டும். வெளிப்பக்கம் விட்டால் பாதி உங்கள் சட்டையில்தான் தெறிக்கும். அப்புறம் வீட்டில் துவைக்கிறவர்களிடம் யார் பேச்சு வாங்குவது.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வண்டியைப் பார்த்தால் என் கண் அங்கேதான் போகும். சில பேருக்கு யார் வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் மூக்கைத் துடைத்துவிடத் தோன்றுமே, அதுபோல.

பக்கத்து அறை பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதை வரும்போதே பார்த்தேன். அந்தப் பெண்ணுடைய வண்டியின் பிரேக் போல்ட்டை முடுக்க மறந்தது தான்தான் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அது பொய். எந்த ஸ்பேனர் எதற்கு என்றே அவருக்குத் தெரியாது. வேண்டுமானால் இரண்டை முன்னால் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கத்தான் நான் வந்திருக்கிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் குடிநீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தார். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவர். ஓய்வு பெற்றபின் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார் என்று நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தொலைதூரம் போகிற கூட்டம் ஒன்றில் சேர்ந்துகொண்டார். பல் டாக்டர் ஒருவர் முன்னால் போவார். தையற்கடைக்காரர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் என்று நடுவில் சிலர். இவர் கடைசி. கடைசியில் வருகிறவர் யாரையும் தாண்டிப் போகக் கூடாது. யார் வண்டி நின்றாலும் கூட நின்று, சரியானதும் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் நகர வேண்டும். அதனால் அவருக்கு ‘வால்’ என்று பெயர் வைத்தார்கள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வீட்டில் என்னிடம்கூட இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

வண்டி வேலையை நான் படம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்களே, அதைப் பார்த்து. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு மேல் தகரம் போட்டு ஷெட் ஆக்கினேன். முதலில் அவர் வண்டி மட்டும். பிறகு மற்றவர்களும் கொண்டுவந்து விட்டார்கள். என்னை டாக்டரம்மா என்பார்கள். பல் டாக்டர் ஷெட்டுக்குள் வரும்போதெல்லாம், “வெளியிலதான் நான் டாக்டர். இங்க நான் கம்பவுண்டர், என்ன எடுத்துக் கொடுக்கணும் சொல்லுங்க” என்பார். நல்ல மனிதர்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். போல்ட்டை முடுக்கியபின் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்துபோகும். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். அதற்கென்று பேனா விற்கிறார்கள். நான் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துப் போட்டேன். யாரோ கொடுத்தது, என் நகத்துக்கு அது எதற்கு. கிளம்புவதற்கு முன் எல்லோரும் அவரவர் வண்டியைச் சுற்றி வந்து கோடு பார்ப்பார்கள். குனிந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடுவார்கள். அது அவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

“வண்டிங்க எல்லாம் நகம் சிவக்க கிளம்பியாச்சு, இனிமே என்ன பயம்” என்பார் தையற்கடைக்காரர்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே என் கவனக்குறைவு. பல் டாக்டரின் வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு, அடிமூடியைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டேன். வழியெல்லாம் ஒழுகி வண்டி நின்றுபோயிற்று. முதல் நாளில் ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. என் வீட்டுக்காரர் நாள் கணக்கில் போய்விடுவார் என்று ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்து நன்றாகத் தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் இதுதான் வேண்டியிருக்கிறது, வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நானே பார்த்துச் செய்தேன். கிளட்ச் கேபிளைப் பாதி நறுக்கி விடுவேன். பிளக்கைத் தளர்த்தி விடுவேன். வாரக் கடைசியில் போய் வருகிற சின்னப் பயணங்களை விட்டுவிடுவேன், நீளமானதற்கு மட்டும்தான். ஒருவருக்கே திரும்பத் திரும்ப நேர்ந்தால் மனசு விட்டுப்போகும் இல்லையா, அதனால் ஆள் மாற்றி ஆள் செய்தேன். அந்த விஷயத்தில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை. அவர் வண்டியில் மட்டும் கை வைத்ததே இல்லை. அதில் போய் விளையாடுவேனா.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஷெட்டில் கூடினார்கள். கேபிள் மாற்றுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். பிறகு கேபிள் அறுந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அந்த மழைக்காலத்தில் அவர் ஒரு தடவைகூடப் பாதியில் திரும்பவில்லை. அதனால் அடுத்த பயணத்துக்குக் கணக்கு வாத்தியாரின் பின்சக்கர நட்டைத் தொட வேண்டியதாயிற்று. வளைவில் செயின் கழன்று விழுந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கால் கட்டைக் காட்டி, “இந்தக் கணக்கு மட்டும் எங்க தப்பாச்சுன்னே தெரியல, டாக்டரம்மா” என்று சிரித்தார். வாத்தியார் கால் சரியாகும்வரை என் வீட்டுக்காரர் எங்கும் போகவில்லை. தோட்டத்துக் குழாயைக்கூடச் சரிசெய்து கொடுத்தார்.

அந்தப் பெண் பிறகு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஒல்லியாக, பெரிய பச்சை ஹெல்மெட்டோடு இருப்பாள், அதனால் தும்பி என்று கூப்பிட்டார்கள். என்னை அத்தை என்பாள், அவரை வால் மாமா என்பாள். ஷெட்டில் என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, “அத்தை, மாமா ரோட்டுல எவ்ளோ பேசுறாரு தெரியுமா, நீங்கதான் வீட்டுல வாயத் தொறக்க விடமாட்டீங்க போல” என்று சீண்டுவாள். அவர் ரோட்டில் பேசுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மலைப் பயணம் பற்றி அவர் இரண்டு மாதம் முன்பு சொன்னார். மேலே ஒரு விடுதி இருக்கிறதாம், வண்டியில் வருகிறவர்கள் தங்குகிற இடம். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். “போய்ப் பாக்கறேன், பிடிச்சிருந்தா அங்கேயே இருந்துடலாம்னு தோணுது” என்றார். பிறகு, “நீயும் வாயேன். ஷெட்டுக்கு அங்க நல்ல இடம் இருக்காம்” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மலைக்குளிர் அவர் முதுகுக்கு ஆகாது. தனியாக இருக்கப் பயந்து இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், தம்பி. தனிமை எனக்குப் பழகினதுதான். அவர் உடம்பை நினைத்துத்தான் யோசித்தேன்.

சாதாரணக் கோளாறு உதவாது, சரிசெய்துகொண்டு போய்விடுவார்கள். ஆனால் பல் டாக்டருக்கு இன்னொரு சட்டம் உண்டு. காரணம் தெரியாத சத்தத்தோடு மலை ஏறக் கூடாது, திரும்பிவிட வேண்டும். ஆகையால் சத்தம் வர வேண்டும், காரணம் தெரியக் கூடாது. முன்சக்கரத்துப் பிரேக் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. இரண்டையும் கொஞ்சம் தளர்த்தினேன். பழைய கோட்டைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதிதாக நேர்க்கோடு போட்டேன். நெயில் பாலிஷ் காய்ந்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும், போல்ட் உடனே திரும்பாது, காலிப்பர் மட்டும் ஆடித் தட்டும். பட்டப்பகலில் செய்தேன். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தும்பியின் வண்டியை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். அவள் மெதுவாக ஓட்டுகிறவள். சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்திப் பார்க்கிறவள். அதோடு அவள் முறை வந்திருந்தது.

ரோட்டில் நடந்ததை அவரே பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார், பல் டாக்டர் என்னிடம் சொன்னார். மலையில் பாதி ஏறியதும் முன்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டு அவள் ஓரம் கட்டினாள். வால் இல்லையா, அவரும் நின்றார். மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். இருவரும் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

“மாமா, திரும்பிடலாமா? டாக்டர் சட்டம் இருக்கே.”

“கோடு பாரு. நேரா இருக்கு. உங்க அத்தை போட்ட கோடு, அப்படின்னா இங்க ஒண்ணும் இல்ல. ஹெட்லைட் கூடுதான் ஆடுதுன்னு நெனைக்கிறேன்.”

“அத்தை கோடுன்னா சரிதான். நீங்க சொல்றீங்கன்னு போறேன், ஏதாவது ஆச்சுன்னா உங்க வண்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

“போ போ. பின்னாலதான இருக்கேன்.”

இங்கேதான் என் கணக்கு தப்பியது, தம்பி. கோடு நேராக இருந்தால் காரணம் தெரியாமல் திரும்புவார்கள் என்று நான் நினைத்தேன். கோடு நேராக இருப்பதால் பயமே இல்லை என்று அவர் நினைத்தார். என் வேலைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று இத்தனை காலத்தில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. பல் டாக்டர் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

மறுபக்கம் இறங்கும்போது போல்ட் இரண்டும் கழன்றன. காலிப்பர் திரும்பிச் சக்கரத்துக்குள் சிக்கியது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவர் பின்னால் இருந்தார், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவளுடைய காரியம் முடிந்தபின் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பாத்து அனுப்புற வண்டின்னுதான் நான் ஒரு நாளும் பயப்படவே இல்லீங்க” என்றார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிவைக்கப் போனார், நான் விடவில்லை. நல்ல பழக்கவழக்கம் உள்ளவர்கள்.

அவர் திரும்பி வந்தபின் சாப்பிட்டார், தூங்கினார். எங்கேயும் கிளம்பவில்லை, வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலையில் ஷெட்டுக்குள் போய் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தின்னர் டப்பாவை மோந்து பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். “கொஞ்சம் வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தே கிளம்பினார். இங்கே வந்து பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் செய்கிறார், என்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தளர்த்தியது நான். கோடு போட்டது நான். கணக்கு வாத்தியாரின் நட்டும் நான்தான். இரண்டு போல்ட்டும் கழன்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், தெரியாமல் செய்ததாக எழுத வேண்டாம். அவ்வளவு தூரம் போகாமல் திரும்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நீங்கள் எழுந்து உள்ளே போய் வந்தீர்களே, அவரிடம் சொல்லிவிட்டீர்களா? என்ன சொன்னார்?

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லையா. களைப்பாக இருக்கும். ராத்திரி வேறு தூங்கியிருக்க மாட்டார். இது என்ன, வீட்டுச் சாவியா? என்னிடம் கொடுக்கச் சொன்னாரா. அந்த வீட்டுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்றா சொன்னார், அதே வார்த்தையா?

சரி, சாவியை நீங்களே வைத்திருங்கள், தம்பி, வருகிறபோது அவருக்குத் தேவைப்படும். கோபத்தில் கொஞ்ச தூரம் போவார். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காததா, அவர் எவ்வளவு தூரம் கிளம்பினாலும் தானாகவே திரும்பி வந்துவிடுவார்.