லென்சில் வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைப் பொரிப் பையோடு இரண்டு பெண்கள் அம்பத்தூரில் மின்சார ரயிலில் ஏறி என் எதிரில் உட்கார்ந்தார்கள். மடியில் தூங்கும் மகளை இந்தக் கூட்டத்தில் அழைத்து வந்தது தப்போ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மிசினு கண்ணுலயே பொட்டு வெச்சிட்டேன், பாப்பா. ஓனரு அத்த எடுத்து மூஞ்சில மாட்டுனாரு, நான் பயந்து ஸ்டேசனுக்கு ஓடியாந்துட்டேன். என் வேல போச்சா?” என்றார் மூத்தவர். ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவர் போலும்.

“செல்வியக்கா, அது கண்ணு இல்ல, லென்ஸ். மாட்டினா கடலும் மலையும் நேர்ல நிக்கிற மாதிரி தெரியும்,” என்றாள் இளையவள்.

“இன்னாவோ ஒண்ணு. நாலு வருசமா நீங்கள்லாம் கஷ்டப்பட்டு செஞ்சதாச்சே.”

“வீட்டுல வாங்கி மாட்டிக்கிற மாதிரி நாங்க முதமுதல்ல செஞ்ச ஹெட்செட்டுக்கா. இனிமே அத செய்யப்போறதில்ல. இன்னிக்கு அதுக்கு ரிட்டயர்மென்ட். அதான் கடைசியா ஒருதடவ மாட்டினாரு.”

“அய்யோ! கடேசி நாளுலயா? திட்னாரா?”

“உள்ள சூரியன் உதிக்கிற சீன் ஒண்ணு இருக்கு. வெளிச்சம் சரியில்லன்னு நாலு வருஷமா எங்களத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு. இன்னிக்கு உங்க சந்தனம் வழியா மஞ்சளாத் தெரிஞ்சதப் பாத்துட்டு, ‘இப்பதான்யா ஒழுங்கா விடிஞ்சிருக்கு’ன்னு குதிக்கிறாரு! நாங்க எல்லாரும் வரிசைல நின்னு பாத்தோம்.”

“அப்ப வேல கீதா?”

“கீதுக்கா, கீது! புது ஹெட்செட்டுக்கும் நீங்கதான் பொட்டு வைக்கணுமாம். ஆனா வெளிப்பக்கம்.”

செல்வியக்கா பொரியை அள்ளி அவள் கையில் கொட்டினார்.

“வெளிப்பக்கம் எதுன்னு மொதல்லயே காட்டிடு, பாப்பா.”