டாலிவரின் மௌனம்

ஐயா, நீங்கள் எழுதத் தொடங்கும் முன் ஒரு திருத்தம். கேலப் டாலிவரின் டிரம்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தவை, அவற்றின் வயர் மக்கிப்போனது என்று செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. பதினோரு வருடமாக அவற்றைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒரு திருகில்கூடத் துரு இருந்ததில்லை. இதைச் சொல்லத்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன். மற்றதெல்லாம் இதைத் தொடர்ந்து வருவது.

தியேட்டரில் மின்வேலை பார்க்கும் பெரியவர் ஃபிஞ்சை வெள்ளிக்கிழமையிலிருந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மேடைச் சுவர் வரைக்கும்தான் அவர் பொறுப்பு. சுவரிலிருந்து டிரம் வரைக்கும் போகிற வயர் என்னுடையது.

டிரம்முக்கு எதற்கு வயர் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. டிரம்மின் முகம் கன்றுத்தோல். காற்றில் ஈரம் ஏறினால் தளர்ந்துவிடும். ஏப்ரல் மழையில், மதியம் பன்னிரண்டு மணிக் காட்சிக்குள் பெரிய டிரம் நனைந்த கோணி மாதிரி ஆகிவிடும். அதனால் அதன் வயிற்றுக்குள் ஒரு விளக்கை மாட்டி எரியவிடுவோம். அந்தச் சூட்டில் தோல் விறைப்பாக நிற்கும். நாட்டிலுள்ள எல்லா பேண்டிலும் இதுதான் வழக்கம். கேலப்பின் டிரம்முக்கு நாற்பது வாட் போதும். அறுபது போட்டால் தோல் வறண்டு குரல் மெலிந்துவிடும். இதைத் தெரிந்து வைத்திருப்பவன் கவனிப்பில்லாதவனா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் பெயர் ஆம்ப்ரோஸ் பீல். நானும் டிரம் வாசித்தவன்தான். பால்டிமோரில் ஒரு நடன அரங்கில் வாரம் ஐந்து நாள் வாசித்தேன். 1928இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் கேலப்பின் பேண்ட் அங்கே வந்தது. பதினான்கு பேர் ஊதுகிறார்கள், நடுவில் ஒரு சிறிய மனிதர், கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல், அத்தனை பேரையும் ஒற்றைக் காலால் தூக்கி நிறுத்துகிறார். அவருடைய தனி வாசிப்பின் நடுவில் திடீரென்று இரண்டு குச்சிகளையும் உயர்த்தி நிறுத்திவிட்டார். எட்டு எண்ணிக்கை. ஒரு சத்தமில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். பிறகு பெரிய டிரம்மின் மிதியில் காலால் ஒரே ஓர் அடி. அரங்கின் தரை அப்படியே எழுந்து வந்தது போலிருந்தது. அந்த எட்டு எண்ணிக்கைக்குள் நான் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டேன். மறு வாரம் என் டிரம்களை விற்றுவிட்டு, அவருடைய பெட்டிகளைத் தூக்கக் கிளம்பினேன்.

பேண்டில் என்னைக் கேலி செய்வார்கள். டிராம்போன் வாசிக்கும் சில்வெஸ்டருக்கு அதுதான் பொழுதுபோக்கு. "அவர் தும்மினா இவன் மூக்கைத் துடைச்சுக்குவான்" என்பான். நான் மறுத்ததில்லை. காலை ஒத்திகைகளுக்கு கேலப் தாமதமாக வருவார். அதுவரை அவர் இடத்தில் உட்கார்ந்து வாசிப்பது என் வேலை. நான் அவரைப் போலவே வாசிப்பேன் என்று சொல்வார்கள். அது சரியல்ல. அவர் வாசித்ததை வாசிப்பேன். இரண்டும் ஒன்றல்ல.

இந்த ஜனவரியில் அவருடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் செத்துப்போயின. நரம்பு என்றார் டாக்டர். குச்சி நழுவியது. அந்த வாரம்தான் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு. தேதியை மாற்ற கம்பெனி சம்மதிக்கவில்லை.

ஒலிப்பதிவு அறையில் டிரம்மை ஒரு மூலையில் தள்ளி, முன்னால் தடிமனான கம்பளத்தைத் தொங்கவிடுவார்கள். இல்லையென்றால் அந்தச் சத்தத்தில், தட்டில் ஒலியைக் கீறும் முள் துள்ளிவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனிக்காரர்களுக்குக் கம்பளம் மட்டும்தான் தெரியும். கேலப் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, குச்சிகளை என் மடியில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார். பதினான்கு பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வாத்தியத்தை எடுத்து உதட்டில் வைத்தார்கள். சில்வெஸ்டர்கூட.

நான் வாசித்தேன். ஒரே ஒரு பிழை நேர்ந்தது. குச்சிகளை உயர்த்தி நிறுத்தியபோது கை நடுங்கியது. எட்டில் இறங்க முடியவில்லை. பயத்தில் பன்னிரண்டு வரை போய்விட்டேன். மறுபடி வாசிக்கலாமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைதட்டல் கேட்டது.

மார்ச்சில் தட்டு வெளியாயிற்று. அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பேட்டையான ஹார்லத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதுதான் ஓடியது. பையன்கள் பலகையில் கையால் தட்டிக்கொண்டே வந்து, சட்டென்று நிறுத்தி, உதட்டுக்குள் பன்னிரண்டு எண்ணிவிட்டு ஓங்கி ஓர் அடி போடுவார்கள். டாலிவர் மௌனத்தையும் வாசிக்கத் தெரிந்தவர் என்று பத்திரிகையில் எழுதினார்கள். என் முடிவெட்டுக் கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பன்னிரண்டு எண்ணிக்கைல மனுஷனுக்கு அவன் செஞ்ச பாவமெல்லாம் ஞாபகம் வந்துடுதுப்பா."

"ஆமா. கேலப்புக்கு மட்டும்தான் அது வரும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கேலப் மேடையில் தொடர்ந்து வாசித்தார். வலது கையையும் காலையும் வைத்துச் சமாளித்தார். முன்பென்றால் அதுவே போதும். இப்போது எல்லோர் காதிலும் தட்டு இருந்தது. ஒரு நாள் மேல் மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "பெரியவரே, தட்டுல வாசிச்ச மாதிரி வாசிங்க!" கூட்டம் சிரித்தது. அடுத்த காட்சியில் அவர் குச்சிகளை உயர்த்தி நிறுத்தினார். எட்டில் இறங்கவில்லை. அவர் உதடு அசைவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பன்னிரண்டு வரை எண்ணினார்.

வியாழக்கிழமை, இரண்டு காட்சிகளுக்கு நடுவே, உடை மாற்றும் அறையில் வறுத்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் வலது கையால் மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார்.

"நாளைக்கு வெள்ளி, தியேட்டருக்குப் புது வாரம். முதல் காட்சிக்கு அரங்கம் நிறைஞ்சிருக்கும். மைக்ல சொல்லிடப் போறேன்."

"என்னத்த?"

"தட்டுல வாசிச்சது யாருன்னு."

நான் எலும்பைக் கீழே வைத்தேன். "சொன்னா உங்க பேரு என்ன ஆகும்?"

"என் பேரா? என்னையே நான் காப்பியடிச்சிட்டு உக்காந்திருக்கேன். எனக்கே என்னை மாதிரி வாசிக்க வரலன்னு ஊரு சொல்லுது. உனக்குச் சிரிப்பு வரலையா?"

"வரல."

"உனக்கு எப்பவுமே வராது. கேளு. நாளைக்கு உன்னை முன்னாடி கூப்பிடுவேன். நீ வந்து என் இடத்துல உக்காரு. அந்தப் பன்னிரண்ட நீயே வாசிச்சுக் காட்டு. கேக்கட்டும் எல்லாரும்."

"வேண்டாம் கேலப்."

"ஏன்டா? பதினோரு வருஷமா என் பெட்டியத் தூக்கிட்டு வர்ற. உனக்குன்னு ஒரு பேர் வேணாமா?"

"அந்தப் பேரைக் கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அத வந்தவங்க சொல்லட்டும்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். "எனக்கு நெஞ்சுல பாரம்டா. எறக்கி வைக்க விடு."

அவர் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் நல்லவர்களுக்குத் தங்களுடைய பொருளின் அளவு தெரிவதில்லை. அவர் இறக்கி வைக்க நினைத்தது அவருடையது மட்டுமல்ல. அந்தத் தட்டைக் கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். கம்பளத்துக்குப் பின்னால் பெட்டி தூக்குகிறவனின் கை பயத்தில் நடுங்கியதுதான் அது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? பதினோரு வருடம் நான் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக உடைக்கப் பார்த்தார். அவரை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய நிலை. யோசித்துப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். பெருக்குகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். மழை தூறியது. பெரிய டிரம்மைத் திறந்து, விளக்கைத் துடைத்தேன். வயரைச் சுற்றியிருக்கும் துணியை ஓரிடத்தில் உரித்தேன். பித்தளைத் தாளமான சிம்பலைத் தாங்கும் கம்பி டிரம்மோடு பூட்டப்படும் இடத்தில், வெளியே தெரிந்த செம்பைச் சேர்த்து மூடினேன். பத்து நிமிட வேலை. பிறகு தோலை இழுத்து, குரல் சரியாக இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இது தனியாக ஒன்றும் செய்யாது, ஐயா. கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். மேடை மரம். அவர் உட்காரும் இருக்கை மரம். பாடலின் முடிவில் அதிர்ந்துகொண்டிருக்கும் சிம்பலை இடது கையால் பிடித்து அடக்குவது அவருடைய வழக்கம். செத்த விரல்களோடு அது ஒன்றை மட்டும் அவரால் முன்பு போலவே செய்ய முடிந்தது. அப்போதும் ஒன்றும் ஆகாது. அதே நேரத்தில் இன்னொரு கையால் மைக்கின் இரும்புக் கம்பியையும் பிடித்தால்தான் ஆபத்து. அந்தத் தியேட்டரின் மைக் கடிக்கும், தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாடுகிறவர்கள் உதட்டை ஒட்டமாட்டார்கள். கேலப் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். ஆக, அவர் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பார். முடிவை அவரிடமே விட்டிருந்தேன்.

கைக்குட்டையை ஒவ்வொரு காட்சிக்கும் நான்தான் மடித்துக் கொடுப்பேன். அன்று கையை நீட்டினார்.

"எங்கடா?"

"சலவைக்குப் போயிருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"போகட்டும். கடிச்சா கடிக்கட்டும்" என்று சிரித்தார். "இன்னிக்கு நல்ல நாள்." அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டேன். எல்லாக் கைக்குட்டைகளையும் முந்தின நாள் மாலை நானே சலவைக்காரரிடம் கொடுத்திருந்தேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் அன்று நன்றாகவே வாசித்தார். கடைசி அடி விழுந்ததும் இடது கை சிம்பலுக்குப் போயிற்று. பிறகு சில்வெஸ்டருக்குத் தலையசைத்துவிட்டு, வலது கையால் மைக்கை இழுத்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். அந்தத் தட்டுல வர்ற மௌனம் இருக்கே—"

அதற்கு மேல் குரல் வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அந்த மௌனத்தைச் செய்து காட்டுகிறார் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. சிலர் சிரித்தார்கள். மேல் மாடியில் எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு என்று, முதலில் மெதுவாக, பிறகு அரங்கம் முழுக்க. செத்துப்போயிருந்த அந்த இரண்டு விரல்களும் சிம்பலை இறுகப் பிடித்திருந்தன. ஜனவரிக்குப் பிறகு அவை அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் மேடையோரத்தில், சுவரருகே நின்றிருந்தேன். சுவரில் செருகியிருந்த பிளக்கின் மேல்தான் என் கை இருந்தது. பன்னிரண்டு என்று அவர்கள் கத்தியபோது பிடுங்கினேன். எட்டில் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை.

ஃபிஞ்ச் ஓடி வந்தார். சில்வெஸ்டர் கேலப்பைத் தரையில் கிடத்தி, மார்பைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தான், நிறுத்தச் சொன்ன பிறகும். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள், வயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஃபிஞ்சையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மணிக் காட்சியை ரத்து செய்ய முடியாது என்றார் தியேட்டர் முதலாளி. வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. சில்வெஸ்டர் என்னிடம் வந்தான். முகம் வீங்கியிருந்தது. "நீதான் உக்காரணும். வேற யாரு இருக்கா?" என்றான்.

உட்கார்ந்தேன். விளக்கு இல்லாததால் தோல் தளர்ந்திருந்தது. இருந்தாலும் தட்டில் உள்ளதை, ஓர் அடிகூட மாறாமல், அப்படியே வாசித்தேன். குச்சிகளை உயர்த்தி நிறுத்தினேன். பன்னிரண்டு. என் கை நடுங்கவில்லை. கால் இறங்கியபோது அரங்கம் அழுதது.

காட்சி முடிந்து பின்வாசலில் வந்தபோது, தேவாலயத்துக்குப் போகிற தொப்பி போட்ட ஒரு பெண்மணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

"ரொம்ப முயற்சி பண்ணினே தம்பி. கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும். ஆனா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அந்தத் தட்டை நான் தினமும் கேக்கறேன். டாலிவர் கையில இருந்த அந்த உயிர் உன்கிட்ட இல்லப்பா."

நான் தொப்பியைக் கழற்றி அவருக்கு நன்றி சொன்னேன். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை, ஐயா. எனக்கும் காது இருக்கிறது. அந்தத் தட்டில் கேலப் வாசித்திருப்பது போல் என்னால் ஒருநாளும் வாசிக்க முடியாது.