அட்டவணை நான்கு, வரிசை பதினொன்று

மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்து முடித்தது, அயல்நாட்டு விலங்கு வளர்ப்புச் சட்டம் ஒன்றைத்தான். பாடத்திட்டத்தில் இல்லாததால் பிடித்துப்போயிற்று.

அட்டவணை நான்கு, வரிசை பதினொன்றில் இருப்பது கொம்பு விரியன். வீட்டில் வளர்க்கக் கூடாது. என் துணி அலமாரியின் கீழ்த்தட்டில், துண்டு போர்த்திய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருந்தது. மகாராணி என்று கூப்பிடுவேன். அது திரும்பிப் பார்த்ததில்லை. பெண்கள் விஷயத்தில் எனக்கு அது பழக்கம்தான்.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். அன்று காலை என் அறையில் ப்ளக் பாயின்ட் மாற்ற வந்தார்.

"என்ன மாப்ள, பெட்டிய இப்படிப் போத்தி வச்சிருக்க? லவ் லெட்டரா?"

"தொடாதீங்க மாமா."

"அப்ப லவ்வேதான்" என்று சிரித்தபடி துண்டுக்கடியில் மூடியை நகர்த்திக் கையை உள்ளே விட்டார். உடனே கையை உதறினார்.

முதலில் பெட்டியை மூடினேன். பிறகு மாமாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

"என்னடா அது?"

"தேள் மாமா."

"தேள் வளக்கிறியா? உருப்பட்டுடுவ."

சட்டத்தின் இருபத்திரண்டாம் பிரிவு எனக்கு மனப்பாடம். கடித்த பாம்பின் பெயரைச் சொன்னால், அரை மணி நேரத்தில் விஷமுறிவு மருந்து வந்துவிடும். அடுத்த வரி: கடித்த பாம்பைக் கொன்றுவிட வேண்டும்.

டாக்டரிடமும் தேள் என்றேன். நிறம், நீளம், வாலின் வளைவு எல்லாம் சொன்னேன். பரீட்சையில் இவ்வளவு விவரமாக எழுதியிருந்தால் தேறியிருப்பேன்.

"ரெண்டு புள்ளி இருக்கேப்பா?"

"ரெண்டு தேள், டாக்டர்."

மதியத்துக்குள் கை தோள்வரை வீங்கிக் கறுத்தது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேற எதாவது கடிச்சிருக்கப் போகுதுடா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

நன்றாக யோசித்தேன். தேள்தான் என்றேன்.

நாலு மணிக்கு மாமா இறந்தார். பெயரைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்தேதான் சொல்லவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், மறுக்க மாட்டேன்.

ஒரே ஒரு வருத்தம். உங்கள் ஆட்கள் மகாராணியைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை. வாயில்லா ஜீவனிடம் இப்படி நடந்துகொள்ள ஒரு மனுஷனுக்கு எப்படி சார் மனசு வருகிறது?