சாட்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது

— பேசாதீங்க ஃபாதர், வெந்நீரக் குடிங்க. சனிக்கிழமை கோயில்ல நீங்க வரி வரியா சொல்லித் தராம, நான் எப்படி அத்தன பேர் முன்னாடி கல்யாண வாக்குறுதி சொல்றது?

— அப்பனே, எனக்குத் தொண்டைதான் கட்டியிருக்கு. உனக்கு என்ன கட்டியிருக்கு?

— பயம்தான் ஃபாதர். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். கூட்டத்துல எனக்குப் பேரே மறந்துபோகும், சத்தியமா.

— பொண்ணு நான்தான் எல்லாம் செஞ்சேன்: பைபிள் வாசகம் தேடினது நான், மன்றாட்டு எழுதினது நான், பாடகர் குழுவோட மல்லுக்கட்டினதும் நான். மாப்பிள்ளைக்குன்னு மிச்சம் வெச்சது நாலே நாலு வரி, ஃபாதர். நாலு வரி!

— உனக்கென்ன டீச்சர், வாய்ப்பாடு சொல்லிச் சொல்லியே பழகின வாயி.

— என் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க இந்நேரம் ஒப்பிச்சிட்டு விளையாடப் போயிருப்பாங்க.

— ஃபாதர், உங்க குரல் திரும்பலேன்னா வேற ஒரு ஃபாதர வரச் சொல்லிடலாமா? கல்யாணம் செல்லாமப் போயிடக் கூடாது பாருங்க.

— செல்லாம ஏன் போகுது? நடத்தி வைக்கிறது நான்தான்னு உனக்கு யார் சொன்னா?

— பின்ன யாரு, ஆயரா?

— நீ.

— நான் மாப்பிள்ளை, ஃபாதர்.

— தெரியுதுப்பா, விருந்தாளி மாதிரிதான் உக்காந்திருக்க. கல்யாணங்கிற இந்தத் திருவருட்சாதனத்த, கடவுளோட அருள, அவளுக்குக் கொடுக்கிறவன் நீ. உனக்குக் கொடுக்கிறவ அவ. திருச்சபை சார்புல உங்க சம்மதத்தக் கேட்டு வாங்கிக்கிற சாட்சி நான், அவ்வளவுதான்.

— சத்தியமாவா? ஒரு லிஃப்ட்டுக்குப் புதுக் கம்பி மாட்டினாலே, இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போடாம ஒரு ஆள ஏத்த விட மாட்டாங்க. இதப் போயி என் கையிலயா கொடுத்திருக்காங்க?

— உன்ன மாதிரி ஆளுங்க கையிலதான் காலங்காலமா இருக்கு.

— குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறப்போ நீங்க நிக்கிறீங்களே, அந்த மாதிரி நானா? எனக்குப் புல்லரிக்குது ஃபாதர். ஏன் டீச்சர், உனக்கு ஒண்ணும் ஆகலியா?

— திருமணத் தயாரிப்பு வகுப்புல ரெண்டாவது பாடமே அதுதான். அப்ப நீங்க ஜன்னல் கம்பியில துரு பாத்துட்டு இருந்தீங்க.

— பாடமாத் தெரியும்ங்கிற. எங்க, நீ ஒரு தடவ வாக்குறுதியச் சொல்லும்மா.

— இன்பத்திலும் துன்பத்திலும் உடல்நலத்திலும் நோயிலும்...

— பிரமாதம், ஈரெண்டு நாலு மாதிரியே இருக்கு. மின்விசிறியப் பாத்துச் சொல்ற பாரு, அத நிறுத்திட்டு அவனப் பாத்துச் சொல்லு. கையப் பிடிச்சுக்கோ.

— இரு டீச்சர், கையில கிரீஸு, துடைச்சிட்டு...

— பரவால்ல. கொடுங்க. இன்பத்திலும்... துன்பத்திலும்...

— நின்னுட்டாளே ஃபாதர்! தாள எடுத்துத் தரட்டுமா டீச்சர்?

— வேணாம். உடம்பு நல்லா இருக்கிறப்பவும். எழுந்திரிக்கவே முடியாமப் படுத்துட்டாலும். இவ யாருன்னு என்னையே உங்களுக்குத் தெரியாமப் போனாலும்.

— அப்படியெல்லாம் அதுல இல்லியே, டீச்சர்...

— கொஞ்சம் என்னைப் பாருங்க. கடைசி வரைக்கும். நான் இருக்கேன்.

— ஃபாதர்... ஃபாதர், நிறுத்தச் சொல்லுங்க. இவ நெஜமாவே சொல்றா.