மூணாவது குத்தம்

இல்ல அண்ணி, என் தம்பி பட்டியல்ல வடக்கு கேட்டு மூணாவது குத்தம். வரிசையை மாத்தாதீங்க. சங்கக் கூட்டத்துல எப்படிப் படிப்போமோ அப்படியே வருவோம். அந்தக் கத்தியைக் கொஞ்சம் கீழ வைங்க, வெங்காயத்தாள் எங்கயும் ஓடிப்போயிடாது.

முதல் குத்தம், எம்பத்தேழு ஆகஸ்டு. நம்ம மாசான் கப்பல் பட்டறையில சங்கம் கட்டினோம். எல்லாரும் மொத நாளே கையெழுத்துப் போட்டாங்க, என் தம்பி மட்டும் மூணு நாள் யோசிச்சுப் போட்டான். ரெண்டாவது, எம்பத்தெட்டு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் யாரும் பாக்கக்கூடாதுன்னு முடிவெடுத்தோம். நம்ம நாட்டுலயே நடக்குற ஒலிம்பிக்ஸைப் பாக்கக் கலர் டிவி வேணும்னு இவன் நாலு ஞாயிறு போய் வெல்டிங் பிடிச்சான். அந்த டிவியில நானும்தான் பாத்தேன், அது வேற விசயம். மூணாவது, எம்பத்தொம்பது ஏப்ரல், வேலைநிறுத்தத்துல வடக்கு கேட்டைத் தொறந்து கூலிப்படையை உள்ள விட்டது. நாலாவது, உங்க வீட்டுக்காரர் சாவுக்கு மொகம் காட்டாதது. சரியா? ஏதாவது விட்டுட்டேனா?

ம். காலை விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர், தால்சு அண்ணன் கால். இரும்புக் கொழாயில அடிச்சாங்க, சாகுற வரைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடந்தாரு. விடல அண்ணி, அது மூணாவதுல அடங்குது.

ஏமாத்தினேனா? யாரு, நானா? டிக்கெட்டை எடுத்துப் பாருங்க. ஒரு தோழரின் வைத்தியச் செலவுக்காக ஒருநாள் பீர்க்கடை, ஞாயிறு மாலை ஆறு மணி. இதுல எந்த வார்த்தை பொய்? முப்பது வருசம் நோட்டீசு எழுதினவன் நான். நாலாங்கிளாசோட நின்னவன், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே நோட்டீசுலதான். ஒவ்வொரு வார்த்தையும் எடை போட்டுத்தான் வைப்பேன். பேரு போடல, அவ்வளவுதான். நீங்களும் வாரம் பூரா கேட்டீங்க, நானும் பூரா மழுப்பினேன். அவன் பேரு எழுதின அந்த ஜப்பான் ஆஸ்பத்திரிக் கவரை கல்லாமேல வச்சுட்டு கக்கூசுக்குப் போனது என் புத்தி.

உக்காருங்க அண்ணி. நீங்களாவது உக்காருங்க. அவனால முடியாது. என் தம்பி மான்ஹோ உக்காந்து ஏழு மாசம் ஆச்சு. முதுகெலும்போட அடியில, உக்காரும்போது தரையில படுமே, அந்த எலும்புல புத்துநோய். நின்னுக்கிட்டே சாப்பிடுறான். பஸ்ஸுல காலி சீட்டு கெடந்தாலும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், பாக்குறவங்க என்னமோ ரொம்ப மரியாதைக்காரன்னு நெனக்கிறாங்க. இங்க கத்தி வச்சா ரெண்டு காலும் மூத்திரமும் போயிடும்னாங்க. ஜப்பான்ல வெட்டாம கதிர்வீச்சை வச்சே சுடுறாங்களாம். பூசான்ல கப்பல் ஏறினா மூணு மணி நேரம். பதினாலாம் தேதிக்குள்ள பணம் போய்ச் சேரலேன்னா அவனோட முறை வேற ஆளுக்குப் போயிடும். என் வீட்டு அட்வான்சை வாங்கிக் கட்டிட்டேன். இன்னும் பாதி கெடக்கு. அந்தப் பாதி இன்னிக்கு உங்க பீர்லயும் அடையிலயும்தான் வரணும்.

தெரியும். அவன் கால் போனா உங்களுக்கென்ன. தால்சு அண்ணன் கால் போனப்ப எவன் டிக்கெட்டு அடிச்சான். கேளுங்க, நல்லாக் கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ஐயோ, போர்டைத் திருப்பாதீங்க! மணி அஞ்சரைதான். ஆளுங்க வந்து, கடை இல்லன்னு பாத்துட்டு, எதுக்குன்னு கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. அப்புறம் ஒருத்தன் தர மாட்டான். எனக்குத் தெரியாதா, அவங்களுக்கு ரோசத்தைச் சொல்லிக் குடுத்தவனே நான்தானே.

நாலாவதுல இருந்து திரும்பி வருவோம். சாவுக்கு வந்தான் அண்ணி. ஆஸ்பத்திரி வாசல்ல மழையில நின்னான், உள்ள வர மாட்டேன்னுட்டான். பேரில்லாத பணக் கவர் ஒண்ணு வந்துச்சே, யாருன்னு ரெண்டு மாசம் என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. ஆமா. அவன் குடுத்ததை நான்தான் கொண்டுபோய் மொய்ப் பெட்டியில போட்டேன். அப்ப நாலாவது அடிபட்டுப் போச்சு. ஒண்ணும் ரெண்டும் கெடக்குது கழுதை, அதுக்கு யாரும் ஆளை ஒதுக்க மாட்டாங்க. மிச்சம் மூணாவது.

தால்சு அண்ணன் கண்ணால பாத்தாரு, இல்லேங்கல. என்ன பாத்தாரு? விடியக்காலம், வடக்கு கேட்டு, மான்ஹோ கையில சங்கிலி. அதானே? சங்கிலி கையில இருந்தா அதை அவுக்குறவனா இருக்கணுமா, மாட்டுறவனா இருக்கக்கூடாதா? இருபத்தேழு வருசமா இதை ஒருத்தனும் கேக்கல. நான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு ஆளாவது கேப்பான்னு.

சாவி யார்கிட்ட இருந்துச்சு? அதையும் யாரும் கேக்கல.

அன்னிக்குக் காலையில புது நோட்டீசு. நான் எழுதினதுலயே பெருசு, ரெண்டு பக்கம். அச்சாபீசு வடக்கு கேட்டுக்கு எதிர்ச் சந்துல. அஞ்சு மணிக்கு மெசின் ஓட்டுவேன்னு அச்சுக்காரன் சொல்லியிருந்தான். பையன்கள் ஏழு மணிக்குப் போய் எடுத்து வந்திருப்பாங்க. எனக்குத் தாங்கல அண்ணி. என் எழுத்தை ஈரத்தோட பாக்கணும். அதான். திரும்பி வரும்போது யாரையும் எழுப்ப வேண்டாமேன்னு சங்கிலியைப் பூட்டாம சும்மா சுத்தி வச்சுட்டுப் போனேன். காவல் முறை என்னோடது. பலகையில என் பேருதான் எழுதியிருந்துச்சு, அந்தப் பலகையை அப்புறம் அடுப்புல வச்சவனும் நான்தான்.

மூத்திரம் போக எழுந்த மான்ஹோ சங்கிலி தொங்குறதைப் பாத்துட்டு மாட்ட ஓடியிருக்கான். அதுக்குள்ள கூலிப்படை வந்துட்டாங்க.

நான் நோட்டீசுக் கட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு வரேன், முற்றம் பூரா ரத்தம். மத்தியானம் கூட்டம். துரோகி பேரைப் படிடான்னு மைக்கை என் கையில குடுக்குறாங்க. நீங்களும் இருந்தீங்க, தால்சு அண்ணன் சட்டையை மடியில வச்சுக்கிட்டு மொத வரிசையில. தாக் மான்னு வரைக்கும் வந்துட்டேன். குடும்பப் பேரும் நடுப்பேரும், அது வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானே? கடைசி எழுத்து ஒண்ணுதான் பாக்கி. அவன் என்னையே பாக்குறான். நான் நிறுத்தினதை எல்லாரும் துக்கம்னு நெனச்சாங்க. கூடப்பிறந்தவன் பேரைப் படிக்க எவ்வளவு கஷ்டப்படுறான் பாருன்னு. அப்புறம் ஹோன்னு சொன்னேன். என்னா கைத்தட்டு! அதுக்கப்புறம் மாசான்ல எந்தக் கடையில எனக்குச் சாராயத்துக்குக் காசு கேட்டான்? சொந்தத் தம்பியைத் தூக்கி வெளிய போட்ட நேர்மையான மனுசன். அந்த நேர்மையைத்தான் இத்தனை வருசமாத் தின்னேன்.

அவன் ஏன் பேசலையா? அன்னிக்கு ராத்திரியே கேட்டேன். சொல்றான், உன்னை வெளிய தள்ளினா வேலைநிறுத்தம் முடிஞ்சுபோகும் அண்ணா, என்னைத் தள்ளினா ஒரு வெல்டர்தானே கொறையுறான். இவனைத்தான் மூணு நாள் யோசிச்சுக் கையெழுத்துப் போட்டவன்னு நான் மட்டமாப் பேசினேன். இப்ப டிக்கெட்டுலயும் என் பேரைப் போடாத, உன் பேரு கெட்டுப்போகும்னு சொன்னதும் அவன்தான். நானும் சரின்னுட்டேன் பாருங்க. இந்த வயசுலயும் சரின்னுட்டேன்.

அடிங்க. கன்னம் இருக்கு, அடிங்க. கத்தி வேண்டாம், அது அடைக்கு வேணும்.

படியில சத்தம் கேக்குது. சீக்கிரமே வந்துட்டானுங்க, பீருன்னா ஒருநாளும் லேட்டா வரமாட்டானுங்க. போர்டு உங்க கையில இருக்கு. திருப்பிட்டீங்கன்னா நான் இப்படியே எறங்கிப் போயிடுவேன். திருப்பலேன்னா குடிக்க வர்றவங்க பாடுற அந்தப் பாட்டு மைக்கைப் போட்டுவிடுங்க. என்னைக் காறித் துப்பிட்டு அவனுக்குக் குடுக்கட்டும். அது போதும்.

போட்டுட்டீங்களா. ம்.

தோழர்களே, வாங்க, உக்காருங்க. பீர் அப்புறம். எம்பத்தொம்பது கூட்டத்துல முற்றத்துல இருந்தவங்க மட்டும் கையைத் தூக்குங்க. ஏழு, எட்டு, பக்கவாதக்காரர் இடது கையும் சேத்து ஒம்பது. அண்ணியோட பத்து. சாட்சிக்குப் போதும். ஏப்ரல் பதினொண்ணு, வடக்கு கேட்டைத் தொறந்து போட்டவன் பேரை அன்னிக்குத் தப்பாப் படிச்சுட்டேன். திருத்திப் படிக்கிறேன், கேட்டுக்குங்க.

தாக். மான்.

சிக்.